கைராசிக்காரி கிள்ளிய பூக்கள்

மரம் வேண்டுமென்றால் மற்றவர்கள் குழி வெட்டுவார்கள், கன்று வாங்குவார்கள், தண்ணீர் சுமப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஓனர் அந்தப் பாடெல்லாம் படவில்லை. குடித்தனம் வைத்தார்.

அவருக்கு மூன்று வீடுகள். எல்லாவற்றிலும் பின்பக்கம் கொஞ்சம் காலி மண் உண்டு. வீடு பார்க்க வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "செடி கொடி வைக்கிற பழக்கம் உண்டா?" என்பதுதான். உண்டு என்றால் முகம் மலர்ந்துவிடும், வாடகையிலும் கொஞ்சம் குறைப்பார். "பழ மரமாப் பார்த்து வைங்க. வச்சவங்க சாப்பிடணும், அதான் முறை" என்பார். வந்தவர்கள் நெகிழ்ந்து போவார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஓனரா என்று சாமான்களை இறக்குவார்கள். கன்று மரமாகி முதல் காய் பிடிக்கிற வருடம் பார்த்து, ஓனருடைய மகளுக்கு அவசரமாக அந்த வீடு தேவைப்படும். அவருக்கு இருந்தது ஒரே மகன். அவனும் கடல் தாண்டிப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இல்லாத மகளுக்காகக் குடித்தனக்காரர்கள் காலி செய்ய, வாசலில் 'பழத்தோட்டத்துடன் வீடு' என்று பலகை தொங்கும். புதிதாக வருகிறவர்களுக்கு வாடகை அதிகம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

இதெல்லாம் எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. கைராசிக்காரியும் அவள் புருஷனும் வந்து இறங்கிய அன்று தெரிந்திருந்தால் வண்டியிலிருந்து ஒரு பாத்திரத்தைக்கூட இறக்க விட்டிருக்க மாட்டேன்.

நான் தையல்காரி. என் மெஷின் பின்பக்க ஜன்னலோரம் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில்தான். அந்த வீட்டுக் கொல்லையில் யார் தும்மினாலும் என் ஊசி ஒரு நொடி நிற்கும். வேவு பார்த்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வைத்தது நானில்லை, கொத்தனார்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள். எந்தக் குச்சியை ஒடித்து ஊன்றினாலும் துளிர்த்துவிடும் என்று அங்கேயே அவளுக்குக் கைராசிக்காரி என்ற பட்டம் இருந்தது. எங்கள் தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. அவள் புருஷன் பெயிண்டர். வாய் ஓயாத மனுஷன், சட்டையெல்லாம் பல வண்ணப் பொட்டு. பிள்ளை குட்டி இல்லை.

குழி வெட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து மரத்துக்கு மேல் அந்த மண் தாங்காது என்று அவன் முழம்போட்டுச் சொல்லிவிட்டான். எந்த ஐந்து என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. அவளுக்குப் பலா வேண்டும்.

"பலா வேர் சுவத்தைப் பொளந்துரும்டி. பொளந்தா அந்தச் சுவத்துக்கும் நான்தான் பெயிண்ட் அடிக்கணும்."

"அப்ப வாழை."

"வாழை மரமா? அது வந்துட்டுப் போற விருந்தாளி. தாரு போட்டாச் சாஞ்சுரும்."

"பப்பாளி?"

"ஆணா பொண்ணான்னு பூக்கிற வரைக்கும் முழிச்சிட்டு உக்காரணும். நமக்கு எதுக்கு அந்த வம்பு?"

கடைசியில் ஒட்டு மாங்கன்று ஒன்று, பதியன் போட்ட கொய்யா ஒன்று, மாதுளை, எலுமிச்சை, சப்போட்டா என்று முடிவாயிற்று. விதைபோட்டு வளர்த்தால் கிழவனாகும் வரை காத்திருக்க வேண்டும், ஒட்டும் பதியனும் சீக்கிரம் காய்க்கும் என்பது அவன் கட்சி. குழிகளை வெட்டி, மண்ணை வெயிலில் ஆறப் போட்டு, மேல்மண்ணோடு மக்கிய சாணம் கலந்து நிரப்பினான். மாங்கன்றை வைக்கும்போது ஒட்டு போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தான். கொய்யாவை மட்டும் அறை ஜன்னலுக்கு நேரே வைத்தான்.

"ஏன் தம்பி, ஜன்னலை மறைக்காதா?" என்று மதிலுக்கு இப்பாலிருந்து கேட்டேன்.

"மறைக்கட்டும் அக்கா. எத்தனை வீட்டுக்குச் சாரம் கட்டி ஏறியிருக்கேன்! கைக்கு எட்டுற தூரத்துல பழம் தொங்கும். ஒண்ணைத் தொட்டிருப்பேனா? கீழே நின்னு அந்த வீட்டம்மா எண்ணிக்கிட்டிருக்கும். நான் வச்ச மரத்துல, நான் படுத்த இடத்துல இருந்தே கையை நீட்டிப் பறிச்சுத் திங்கணும். வேற ஒரு ஆசையும் எனக்குக் கிடையாது."

அவன் ஆசைப்பட்டபடி படுத்தான். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் இல்லாதவனாக அந்த ஜன்னலோரம் கொண்டு வந்து கிடத்தினார்கள். கன்றுகள் அப்போது இடுப்பளவு வளர்ந்திருந்தன.

அதற்கப்புறம் அந்த வீடு அவளுக்கு எப்படிப்பட்ட பிடிமானம் என்பதைச் சொல்ல வேண்டும். தரைத்தளம். அகலமான கதவு. கட்டிலோடு ஆளை வெளியே கொண்டு வரலாம், உள்ளே கொண்டு போகலாம். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம், அதனால் வேலைக்கு நடுவில் ஓடி வந்து அவனைப் புரட்டிப் போட்டுவிட்டு ஓடலாம். இது போனால் வேறு வீடு கிடைக்காது. படுத்த படுக்கையாக ஒருவன் இருக்கிறான் என்றால் வாடகைக்கு விடுகிறவர்கள் வாசலோடு பேசி அனுப்பிவிடுகிறார்கள். கட்டிலில் கிடக்கிறவன் தங்கள் வீட்டில்தான் சாவான் என்று எல்லாருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை.

அந்தச் சமயத்தில்தான் லாரி டிரைவரின் பெண்டாட்டி ஒருத்தி பிள்ளைகளின் பள்ளி உடுப்பு தைக்க என்னிடம் வந்தாள். ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தாள். "இது அந்த ஆளு வீடுதானே?" என்று கேட்டு, அவருடைய இன்னொரு வீட்டில் தாங்கள் மரம் வைத்த கதையையும், மகள் வருகிறாள் என்று விரட்டப்பட்ட கதையையும் சொன்னாள். அவர்களுக்கு முன்னால் மூன்றாவது வீட்டில் இருந்தவர்களுக்கும் அதே கதிதானாம். அன்று மாலையே மதிலோரம் கூப்பிட்டுக் கைராசிக்காரியிடம் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. வரிசையாக ஐந்து மரத்தையும் பார்த்தாள்.

"காய்ச்சாத்தானே அக்கா விரட்டுவாரு?"

"ஆமா."

"அப்ப காய்க்க வேண்டாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கொய்யா முதல் பூ விட்டபோது பார்த்தேன். விடிந்தும் விடியாமலும் வந்து, இலைக்கணுவில் இருந்த ஒவ்வொரு மொட்டையும் நகத்தால் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். எலுமிச்சையில் முள் கிழித்தது, கையை உதறிவிட்டு மறுபடியும் கிள்ளினாள். மாதுளைப் பூ சிவப்பு, தூரத்திலிருந்தே தெரியும், அதில் ஒன்றுகூடத் தப்பக்கூடாது என்று ஸ்டூல் போட்டு ஏறினாள். கிள்ளியதையெல்லாம் ஓனர் கண்ணில் படாமல் ஆஸ்பத்திரிக் குப்பைக்குக் கொண்டு போனாள்.

முதல் தடவை பெயிண்டர் தடுக்கவில்லை. இளமரத்தில் முதல் பூவைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் மரம் வலுக்கும் என்று அவனே முன்பு பாடம் நடத்தியிருக்கிறான். "கிள்ளு, கிள்ளு. அடுத்த தடவை பாரு!" என்றான். அடுத்த தடவையும் கிள்ளினாள். அவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எல்லாத்தையும் எதுக்கு? ஒண்ணே ஒண்ணு விடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"ஒண்ணு பழுத்தாப் போதும். வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும்."

"வாசனைக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவானா?"

"சொல்லுவான். நீங்க பேசாம படுங்க."

பேசாமல் படுக்க அவனால் முடியவில்லை. அவனுக்கு வேறு என்ன வேலை? ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு மரம், அதையே நாள் முழுக்கப் பார்த்துக் கிடந்தான். எந்தக் கிளையில் எத்தனை மொட்டு என்பது அவனுக்கு மனப்பாடம். காலையில் அவள் வந்து கிள்ளும்போது ஒவ்வொன்றுக்கும் கெஞ்சுவான். அவள் காது கேட்காதவள் மாதிரி வேலையை முடித்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, அவன் முதுகைத் துடைக்க வருவாள். புண் வராமல் அவன் முதுகை அவள் காத்த மாதிரி ஆஸ்பத்திரியில்கூடக் காக்க மாட்டார்கள். அதே கைதான் கிள்ளியது. யாரை நொந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

ஓனர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரங்களைச் சுற்றுவார்.

"என்னம்மா, கைராசின்னு சொன்னாங்க. மரம் தளதளன்னு நிக்குது, ஒரு பிஞ்சைக் காணோமே?"

"என்னன்னு தெரியலீங்க. வெயில் போதலையோ என்னவோ."

"வெயிலுக்கு என்ன குறைச்சல்? நான் ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்காதே. வீட்டுல ஒரு ஆள் இப்படிக் கிடந்தா அந்த மூச்சு பட்டே பூ கருகிரும்னு சொல்லுவாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. சொல்றவங்க சொல்றாங்க."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற பேச்சு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெயிண்டர் எழும்ப முடியாமல் தலையை மட்டும் தூக்கினான்.

"யோவ், மரமெல்லாம்..." என்று ஆரம்பித்தான்.

அவள் உள்ளே பாய்ந்து போய் அவன் வாயைக் கையால் பொத்தினாள். நான் என் கண்ணால் பார்த்தேன். "இருமல் வருதுங்க, அதான்" என்று ஜன்னல் வழியே ஓனரிடம் சொன்னாள். பொத்திய கையை அவர் தெருமுனை திரும்புகிற வரை எடுக்கவில்லை. எடுத்தபோது அவள் உள்ளங்கையில் பல் பதிந்து ரத்தம் வந்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, அவள் வேலைக்குப் போயிருந்தபோது அவனுக்குத் தேநீர் கொண்டு போனேன். கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தான்.

"அக்கா, சத்தியம் பண்ணுங்க. அவகிட்ட சொல்லக் கூடாது."

"என்னடா?"

"அந்த ரெட்டை இலைக்குப் பின்னாடி பாருங்க. சுவத்தை ஒட்டி."

பார்த்தேன். கோலிக்குண்டு அளவில் ஒரு கொய்யாப் பிஞ்சு. அவள் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. மொட்டாக இருந்தபோதே பார்த்துவிட்டானாம். அவள் அந்தப் பக்கம் கையைக் கொண்டு போகும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும், முதுகு அரிக்கிறது என்று கூப்பிட்டு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறான். அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் எங்களுக்கு அதே பேச்சுதான். எவ்வளவு பெருத்திருக்கிறது, எப்போது வெளுக்கும், முதல் கடி எந்தப் பக்கம். அவன் முகத்தில் சதை பிடித்தது. எனக்கும் மெஷினில் உட்கார்ந்தால் அந்த ரெட்டை இலை மேலேயே கண் போயிற்று.

எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் ஓனர் வருவார் என்று அவள் ஒவ்வொரு கிளையாக விலக்கிப் பார்த்தாள். அவன் தண்ணீர் கேட்டான், கொடுத்தாள். முதுகு அரிக்கிறது என்றான், சொறிந்துவிட்டாள். மறுபடியும் மரத்துக்கே போனாள். இலையை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"வேண்டாண்டி. கும்புடுறேன். அதை மட்டும் விட்டுரு."

அவள் ஒடித்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் சின்னப் பிள்ளை கணக்காக வாய்விட்டு அழுதான். அவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அழுங்க! நல்லா அழுங்க! ஒரு காய் தின்னுட்டு, அப்புறம் கட்டிலை ரோட்டுல போட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டு அழலாம். அதுதானே வேணும் உங்களுக்கு? உங்களைத் தூக்கிக்கிட்டு எந்த வீட்டு வாசல்ல போய் நிப்பேன்? சொல்லுங்க, எங்க போய் நிப்பேன்?"

அன்றிலிருந்து அவன் தலையைச் சுவர்ப் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டான். என்னிடமும் பேச்சு குறைந்துபோயிற்று.

அடுத்த பருவம் தொடங்குகிற நேரம். ஓனர் வந்து நின்றார், இந்தத் தடவை மரத்தைச் சுற்றவில்லை.

"காலி பண்ணிக்கம்மா. மாசம் முடியட்டும்."

"என்னங்க திடீர்னு?"

"திடீர்னு என்ன? மரத்துக்காகத்தான் வாடகையைக் குறைச்சேன். ஒண்ணும் காய்க்கலை. உன் கை சரியில்லை. நல்ல கை உள்ளவங்களா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

காய்த்தால்தான் விரட்டுவார் என்று கணக்குப் போட்டவள், காய்க்காவிட்டால் என்ன செய்வார் என்று யோசிக்கவே இல்லை. நானும்தான் யோசிக்கவில்லை. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள், அதை நம்பிக்கொண்டு இருந்துவிட்டோம். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"காய்க்குங்க! எல்லாம் நல்ல மரங்க. நான்தான் பூவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். இனிமே தொட மாட்டேன். இந்த வருஷமே காய்க்கும், நீங்களே பாருங்க!"

ஓனர் முட்டாளில்லை. கொய்யா மரத்தடிக்குப் போய் ஒரு கிளையைத் தாழ்த்தி, கிள்ளிய காம்புகளைத் தடவிப் பார்த்தார். அடுத்து மாதுளை. திரும்பியபோது அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சிரித்தார்.

"அப்ப மரத்துல குறையில்லை. நல்லதாப் போச்சு, வெட்டிடலாம்னு இருந்தேன்."

"அப்ப நாங்க இருக்கலாமுங்களா?"

"எதுக்கு? காய்க்காத மரத்தைக் காட்டி நீ குறைஞ்ச வாடகையில இருக்க முடியாது. காய்க்கிற மரத்துக்கு நீ தேவையில்லை. மாசம் முடியட்டும்மா."

மதிலைத் தாண்டி நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதினால் பத்திரிகைக்காரர்கள் போட மாட்டார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பல நாளைக்குப் பிறகு பெயிண்டர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அப்போ எதுக்குடி அத்தனையும் கிள்ளுனே?"

அவள் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுக்கு ஒற்றை அறை கிடைத்தது. கதவு குறுகல். கட்டில் நுழையவில்லை, அதை வாசலிலேயே விற்றுவிட்டு அவனைத் தரையில் கிடத்தினாள். ஜன்னல் கிடையாது, மேலே ஒரு காற்றுத்துளை மட்டும். அங்கே போனதிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம். மரம் பூத்ததா, பிஞ்சு விட்டதா, யார் தின்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா, அக்காவிடம் கேட்டுவிட்டு வா. இரவும் பகலும் அதே நச்சரிப்பு. தாங்க முடியாமல் ஒருநாள், ஓனர் எல்லா மரத்தையும் வெட்டிவிட்டார் என்று அவனிடம் பொய் சொன்னாளாம். அன்று முழுக்க அழுதானாம். அதோடு கேட்பதை விட்டுவிட்டானாம். "அடங்கிட்டாரு அக்கா. இப்ப ஒழுங்காச் சாப்பிடுறாரு" என்று அவள் என்னைக் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத ஜோடி. இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஒரு பாவமும் அறியாதவர்கள். அந்த வருடம் கொய்யா காய்த்த காய்ப்பை என்னவென்று சொல்வது! அவ்வளவு காலம் வாயைப் பொத்தி வைத்திருந்த மரம், கிளை தரையைத் தொடக் காய்த்தது. அந்தப் பெண் மதிலுக்கு மேலே ஒரு பை நிறையக் கொடுத்தாள். "நாங்க ரெண்டு பேர் எவ்வளவு சாப்பிடுறது அக்கா?" என்றாள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் வைத்துத் தின்ன மனம் ஒப்பவில்லை. பையோடு சந்துக்குப் போனேன்.

கதவைத் திறந்த கைராசிக்காரிக்கு என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வாசனை அப்படி. பையை நான் நீட்டினேன், அவள் வாங்கவில்லை. உதட்டில் விரலை வைத்துப் பேசாதே என்று காட்டினாள்.

உள்ளே இருட்டிலிருந்து அவன் குரல் வந்தது. நொய்ந்து போயிருந்தது.

"யாரு? கொய்யா வாசம் வருது."

"யாருமில்லீங்க. தெருவுல வண்டிக்காரன் போறான்."

"ஒண்ணு வாங்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பைக்குள் கைவிட்டு, நன்றாக வெளுத்த பழமாக ஒன்றைத் தேடி எடுத்தாள். அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றேன். சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் மரம் நிற்பது தெரியும், அதை வேறு யாரோ தின்பது தெரியும், அவள் சொன்னது பொய் என்பதும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் கடிக்கிற சத்தம் கேட்டது. நிதானமாக மென்றான். முழுதாகத் தின்று முடித்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஆனா நம்ம மரத்துல காய்ச்சிருந்தா இதைவிட இனிச்சிருக்கும், இல்ல?"

"ஆமாங்க," என்றாள்.